மதுபானசாலைப் பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகள்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டில் நாடெங்கும் வழங்கப்பட்ட மதுபான விற்பனை அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அது. அதில் 360இற்கும் அதிகமான அனுமதிப்பத்திரங்கள் இருந்தன. அவற்றுள் 32 வடமாகாணத்திற்கு உரியவை. அந்த 32இலும் பாதி கிளிநொச்சி மாவட்டத்திற்குச் சென்றுள்ளது என்ற விபரம் வெளியானபோது தமிழ் அரசியல் வட்டாரங்களில் எழுந்த பரபரப்பை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யார் சிபார்சு செய்தார், யாருடைய பெயரில் யார் பெற்றார், அதற்கு ஈடாக எது கைமாறியது என்ற வினாக்கள் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் எழுந்தன. அவை கேட்கப்பட வேண்டிய வினாக்களே என்பதில் ஐயமில்லை.

ஆனால் மதுவைப் பற்றிய நமது பொது விவாதம் எப்போதும் மூன்று தரப்பினரைச் சுற்றியே நடைபெறுகிறது. விற்பவர் ஒருவர், குடிப்பவர் ஒருவர், வரி அறவிடும் அரசு மற்றையது. சிலவேளைகளில் அடிபட்டு வைத்தியசாலைக்குச் செல்லும் மனைவி செய்தியாகிறார். மாலை ஆறு மணிக்குப் பின்னர் படலையடியில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, வருகின்ற துவிச்சக்கரவண்டியின் ஓசையிலிருந்தே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்பதைக் கணித்துவிடும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, தொழில் பெற்று, தனக்கென ஒரு குடும்பத்தை அமைத்த பின்னரும் அந்த ஓசை அவரைத் துரத்துகிறது என்பதும் எவருடைய கவனத்திற்கும் வருவதில்லை. தகப்பன் குடியை விடுவாரா என்பது ஒரு வினா. தகப்பன் விட்டாலும் விடாவிட்டாலும் பிள்ளை எவ்வாறு மீள்வது என்பது வேறொரு வினா. நாம் முதலாவது வினாவுக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதை ஒத்திவைத்து வருகிறோம். இந்த ஒத்திவைப்பே பிள்ளைக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி எனலாம்.

2015இல் இலங்கையில் நடத்தப்பட்ட தொற்றாநோய் ஆபத்துக் காரணிகள் பற்றிய தேசிய ஆய்வின்படி, வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ 35 வீதமானோர் ஆய்வுக்கு முந்திய ஒரு மாதத்தினுள் மது அருந்தியிருந்தனர். பெண்களில் இந்த அளவு ஒரு வீதத்தையும் எட்டவில்லை. இந்த 35 வீதத்தினர் அனைவரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் மேலைநாடுகளில் எழுதப்படும் நூல்கள் தாயின் குடியையும் தந்தையின் குடியையும் சேர்த்தே பேசுகையில், நம் நாட்டில் குடி என்பது பெரும்பாலும் தந்தையின் குடியே என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆகவே நமது பிள்ளை ஒருபுறம் குடிக்கும் தந்தையையும் மறுபுறம் அதனை மூடிமறைக்கும் தாயையும் ஒருசேர எதிர்கொள்கிறது. தந்தையின் வெறியை விடத் தாயின் மறைப்பு பிள்ளையை அதிகம் குழப்புவதும் உண்டு. முதல்நாள் இரவு சட்டி பானை உடைந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, மறுநாட் காலையில் எதுவுமே நடக்காதது போலத் தேநீர் பரிமாறப்படுகிறது. தான் கண்டது உண்மையா, வீடு சொல்வது உண்மையா என்ற ஐயம் அங்கேதான் விதைக்கப்படுகிறது.

அமெரிக்க உளவளத்துணையாளர் குளோடியா பிளாக் 1981இல் வெளியிட்ட நூலில், இத்தகைய வீடுகளில் எழுதப்படாத மூன்று சட்டங்கள் நிலவுவதாகக் குறிப்பிட்டார். பேசாதே, நம்பாதே, உணராதே என்பன அவை. நமது சமூகத்தில் இவற்றுடன் நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியுள்ளது; குடும்ப மானத்தைக் காப்பாற்று என்பதே அது. தங்கைக்கு வரன் பார்க்கும் காலத்தில் தகப்பனின் குடி வெளியே தெரிந்துவிடக்கூடாது. அயலவர் எல்லோருக்கும் தெரிந்த விடயந்தான். ஆனாலும் வீட்டின் வாயிலிருந்து அது வரக்கூடாது. இதனால் ஊரே அறிந்த இரகசியம் ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளை தன் தலையில் சுமக்கிறது.

இக்கட்டுரையாளர் ஆசிரியப் பணியில் இருந்த காலத்து மாணவர் ஒருவரை இங்கு குறிப்பிடுவது பொருந்தும். பாடசாலை விட்ட பின்னரும் அவர் வீடு செல்லமாட்டார். வகுப்பறையைக் கூட்டுவார், நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவார், விளையாட்டுத் திடலில் கோடு போடுவதற்கு முன்னிற்பார். பொறுப்புள்ள பிள்ளை என்று எல்லோரும் பாராட்டினோம். ஆண்டிறுதி அறிக்கையிலும் அவ்வாறே எழுதப்பட்டது. பல ஆண்டுகளின் பின் திருமண அழைப்பிதழுடன் வந்தபோதுதான் அவர் உண்மையைக் கூறினார். தகப்பனார் உறங்கிய பின்னர் வீடு சேர்வதற்காகவே அவ்வளவு நேரம் பாடசாலையில் தங்கியிருந்தாராம். அழைப்பிதழில் முகூர்த்தம் காலை ஆறு மணியளவில் இருந்தது. இவ்வளவு அதிகாலையில் ஏன் என்று கேட்டதற்கு, "ஐயா, அந்த நேரத்தில்தான் அப்பா அப்பாவாக இருப்பார்" என்றார். நாங்கள் பாராட்டிய பொறுப்பு ஓர் ஒளிந்திருத்தலின் மறுபெயர் என்பதை நான்கு ஆண்டுகள் தினமும் அவரைக் கண்ட ஆசிரியர்களில் ஒருவராவது அறிந்திருக்கவில்லை. கேட்கவும் இல்லை.

இத்தகைய பிள்ளைகள் எல்லோரும் படிப்பில் பின்தங்கி, ஒழுக்கம் கெட்டு அலைவார்கள் என்ற எண்ணம் தவறானது என்பதை இது காட்டுகிறது. சிலர் அவ்வாறு ஆகின்றனர். அவர்கள் நமது கண்ணில் படுகின்றனர். வேறு சிலர் மிகச் சிறந்த மாணவர்களாகவும் தம்பி தங்கையரை வளர்க்கும் இளம் பெற்றோராகவும் மாறிவிடுகின்றனர். இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. தாயின் முகக்குறியை வாசிப்பதிலும், தகப்பனின் சட்டைப்பையில் எஞ்சியுள்ள பணத்தை வைத்து எத்தனை கிளாஸ் உள்ளே சென்றுள்ளது என்று கணிப்பதிலும், சண்டை மூளும் முன்னர் தம்பியைப் பின்கதவால் அயல்வீட்டுக்கு அனுப்புவதிலும் அவர்கள் பெற்ற தேர்ச்சி பிற்காலத்தில் அலுவலகத்தில் திறமையாக மதிக்கப்படுகிறது. ஆனால் அதே தேர்ச்சி அவர்களை இரவில் உறங்க விடுவதில்லை. மேலதிகாரி குரலை உயர்த்தினால் கை நடுங்குகிறது. மனைவி சற்று மௌனமாக இருந்தால் தான் என்ன பிழை செய்தோம் என்று மனம் தேடத் தொடங்குகிறது.

இந்நிலைமை நமது மண்ணில் வேறு துயரங்களுடன் பின்னிப் பிணைந்தது. வடகிழக்கில் யுத்தமும் ஆழிப்பேரலையும் விட்டுச்சென்ற வடுக்கள் மதுவுக்கு வழிவிட்டன; மது வீட்டு வன்முறைக்கு வழிவிட்டது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் நேர்முகமாக வினவப்பட்டனர். பிள்ளை வீட்டில் அனுபவித்த துன்புறுத்தலின் அளவை முன்கூட்டியே காட்டும் காரணிகளாக யுத்த அனுபவமும் தந்தையின் மதுப் பாவனையும் அதில் வெளிப்பட்டன. குண்டுவீச்சிலிருந்து தப்பிய பிள்ளைக்கு வீடு பதுங்குகுழியாக அமையவில்லை என்பதே இதன் பொருள். மலையகத்தில் வேறொரு வடிவம். சம்பள நாளும் தோட்டத்திற்கு அண்மையிலுள்ள சாராயத் தவறணையும் அருகருகே அமைந்துவிட்ட வாழ்க்கை அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. லயன் அறையின் மெல்லிய சுவர்களுக்கு இரகசியம் காக்கத் தெரியாது. இவற்றுடன், தாய் மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட, அவர் அனுப்பும் பணத்தைக் குடிக்கும் தந்தையிடம் விடப்பட்ட பிள்ளைகளின் நிலை தனியாக ஆராயப்பட வேண்டியது. மூடிமறைக்கும் தாயேனும் அருகில் இல்லாத வீடு அது.

இனி, இத்தகைய பிள்ளைமையின் விளைவு விதியைப் போன்று மாற்றமுடியாததா என்பதைப் பார்ப்போம். கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் மருத்துவக் காப்புறுதி பெற்ற வயதுவந்தோரிடையே நடத்தப்பட்டு, 1998இல் வெளியான பெரும் ஆய்வொன்று இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. மருத்துவர் வின்சன்ட் பெலிட்டியும் றொபேர்ட் அண்டாவும் அவர்களது சகாக்களும் 9,500இற்கும் மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சிறுவயதில் குடிப்பழக்கம் மிகுந்த ஒருவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தார். வறியவர்கள் அல்லர், தொழிலும் காப்புறுதியும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர். சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தவர்கள் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாதல், போதைப்பொருள் பாவனை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு அத்தகைய துன்பம் எதனையும் அனுபவிக்காதவர்களை விட 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. குடிக்கும் வீட்டில் துன்பம் தனியாக வருவதில்லை. அடி, வசை, புறக்கணிப்பு, பிரிவு எல்லாம் அதன் பின்னால் வருகின்றன.

பரம்பரையின் பங்கும் மறுக்கத்தக்கதன்று. டென்மார்க்கில், குடிக்கு அடிமையான பெற்றோருக்குப் பிறந்து வேறு குடும்பங்களில் வளர்ந்த ஆண்களை ஆராய்ந்து 1973இல் வெளியான ஆய்வு, அவர்கள் குடிக்கு அடிமையாகும் அளவு ஏனைய தத்துப்பிள்ளைகளை விட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்ததைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தைப் பலர் வாசிப்பதில்லை. அந்த ஆண்களில் மிகப் பெரும்பாலானோர் குடிக்கு அடிமையாகவில்லை. "அப்பனைப் போலத்தானே மகனும்" என்று நமது ஊரில் வாய்கூசாமல் சொல்பவர்கள் இதனைக் கவனிப்பது நன்று. அந்த ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையின் முதுகில் ஏறினால் அது இறங்குவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை அவர்கள் அறிவதில்லை.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை உளவியலாளர் எம்மி வேர்னர் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து அவதானித்தார். கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் அவர்களில் இருந்தனர் என்பதால் மலையக வாசகர்களுக்கு இத்தீவு அத்தனை தொலைவானதாகத் தோன்றாது. அப்பிள்ளைகளில் குடிக்கு அடிமையான பெற்றோரைக் கொண்ட 49 பேரைப் பற்றி அவர் 1986இல் தனியாக எழுதினார். பதினெட்டு வயதாகும்போது அவர்களில் 41 வீதமானோர் கடுமையான பிரச்சினைகளுக்கு ஆளாகியிருந்தனர். 59 வீதமானோர் அவ்வாறு ஆகவில்லை. இந்த 59 வீதத்தினரிடம் என்ன இருந்தது? பிறந்த முதலாண்டில் தாயோ வேறொருவரோ அவர்களுக்கு நிறைந்த கவனிப்பை வழங்கியிருந்தார். முதலிரு ஆண்டுகளில் பெற்றோரிடையே பெரும் மோதல் இருக்கவில்லை. அடுத்த பிள்ளையும் அக்காலத்தில் பிறந்திருக்கவில்லை. அவரது ஆய்வு முழுவதிலும் திரும்பத் திரும்பத் தென்படுவது இன்னொன்று: குடும்பத்திற்கு வெளியே, ஆசிரியராகவோ அயலவராகவோ பாட்டியாகவோ, தன் சொல்லை மாற்றாத ஒரு வளர்ந்தவர். வடமாகாணத் தமிழ்க் குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வும் இதற்கு இசைவானதே. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில், பெற்றோரின் பரிவை உணர்ந்தவர்கள் மனத்துள் ஒடுங்கிப்போகும் பிரச்சினைகளிலிருந்து ஓரளவு காக்கப்பட்டிருந்தனர்.

எனவே மீள்தல் என்பது மனவலிமை மிக்க சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் அன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களில் சிலவற்றை நாம் உண்டாக்கவும் முடியும். எனினும் வேர்னரின் ஆய்வில் மகிழ்ச்சியளிக்காத பகுதியும் ஒன்றுண்டு. சோதனைகளைத் தாண்டி வந்தவர்களை முப்பதுகளில் மீண்டும் சந்தித்தபோது, அவர்களில் பலர் பெற்றோரிடமிருந்தும் சகோதரரிடமிருந்தும் மனத்தளவில் விலகி நின்றனர். ஆண்கள் சிலர் மண வாழ்க்கையில் உறுதியாக இறங்கத் தயங்கினர். மன அழுத்தத்துடன் தொடர்புடைய உடல் உபாதைகளும் காணப்பட்டன. அதாவது அவர்கள் மீண்டனர். ஆனால் விலை கொடுத்தே மீண்டனர்.

இந்த விலகல்தான் நமது சமூகத்தில் மிகவும் சிக்கலான இடம். பெற்றோரைத் தெய்வமாகக் கொள்ள வேண்டும் என்று பாலர் வகுப்பிலிருந்தே கற்பிக்கப்பட்ட பிள்ளை, "அப்பா குடித்துவிட்டு வந்தால் வீட்டினுள் வரவேண்டாம்" என்று முப்பது வயதில் சொல்வதற்கு எத்தனை குற்றவுணர்வைக் கடக்க வேண்டியிருக்கிறது! உறவினர் கூடி அறிவுரை சொல்வார்கள். ஆனால் அப்பிள்ளை எட்டு வயதில் அடிவாங்கிய இரவில் அதே உறவினர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தனர். தந்தையை வெறுத்தல் வேறு, தந்தையின் குடிக்குப் பணம் கொடுக்க மறுத்தல் வேறு, அவரது கடனை அடைக்க மறுத்தல் வேறு, நோயுற்ற நாளில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேறு. இவை நான்கையும் ஒன்றாகக் குழப்பி, ஒன்றில் எல்லாவற்றையும் செய் அல்லது எல்லாவற்றையும் விடு என்று சொல்லும் சமூகம் அப்பிள்ளைக்கு உதவவில்லை. எந்தெந்த எல்லைவரை தன்னால் செல்லமுடியும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானம் ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும்.

மீள்தலின் முதற்படி நடந்ததைப் பெயர் சொல்லி அழைப்பது. எங்கள் வீட்டில் குடி இருந்தது, அது என்னால் வந்ததன்று, என்னால் நிறுத்தியிருக்கவும் முடியாது. இந்த மூன்றாவது பகுதியே விழுங்குவதற்குக் கடினமானது. நான் இன்னும் நன்றாகப் படித்திருந்தால், புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்திருந்தால் அப்பா குடித்திருக்கமாட்டார் என்ற எண்ணத்தை நாற்பது வயதிலும் மனத்தின் ஒரு மூலையில் வைத்திருப்பவர்கள் உள்ளனர். தகப்பனாரே குடித்த நிலையில் அவ்வாறு சொல்லியிருப்பார், அவர் மறந்திருப்பார், பிள்ளை மறக்கவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1983இல் ஜனற் வொயிற்றிஸ் எழுதிய நூல் ஒன்று அமெரிக்காவில் பெருவிற்பனை கண்டதன் பின்னர், குடிகாரரின் பிள்ளைகள் வளர்ந்தபின் இன்னின்ன குணங்களைக் கொண்டிருப்பர் என்ற பட்டியல்கள் உலகெங்கும் பரவின. இன்று அவை கைத்தொலைபேசி வழியாக நமது பிள்ளைகளையும் வந்தடைகின்றன. அவற்றில் கூறப்படும் குணங்கள் சோதிட பலன் போலப் பொதுவானவை என்பதை 1992இல் வெளியான ஒரு பரிசோதனை சுட்டிக்காட்டியது. குடியற்ற வீட்டில் வளர்ந்தவர்களும் அந்த வர்ணனை தம்மைப் பற்றியதே என்று ஏற்றுக்கொண்டனர். தன் கதையைப் பேசுவதற்கு ஒரு தொடக்கமாக அப்பட்டியல் உதவுமாயின் நல்லது. அதுவே ஒரு நிரந்தர முத்திரையாகி, என் குணம் இப்படித்தான் என்று அமர்ந்துவிடுவதற்குக் காரணமாகுமாயின் ஊராரின் "அப்பனைப் போல" என்ற முத்திரைக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

பயனுள்ளதாக இக்கட்டுரையாளர் கருதும் ஆய்வு வேறொன்று. ஸ்டீபன் வோலினும் லிண்டா பெனற்றும் 1970களின் இறுதியிலிருந்து, குடிக்கு அடிமையானவரைக் கொண்ட குடும்பங்களின் அன்றாட வழக்கங்களையும் பண்டிகைகளையும் ஆராய்ந்தனர். இராப்போசனம், விடுமுறை நாள், பண்டிகை ஆகியவற்றைக் குடி குலைத்துவிட அனுமதித்த குடும்பங்களில் அப்பழக்கம் அடுத்த தலைமுறைக்கு அதிகம் கடத்தப்பட்டது. குடிப்பவர் இருந்தபோதிலும் அவ்வழக்கங்களைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்களில் அது குறைவாகவே கடத்தப்பட்டது. வளர்ந்த பிள்ளைகள் திருமணத்தின் பின்னர் தமது புதிய வீட்டின் வழக்கங்களைச் சிந்தித்துத் திட்டமிட்டு அமைத்துக்கொண்டதும் பாதுகாப்பாக அமைந்தது. நமக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. தீபாவளி என்றாலே நெஞ்சு பதறும் பிள்ளைகள் மலையகத்திலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ பேர். ஏனையோர் புத்தாடைக்காகக் காத்திருக்க, இவர்கள் அந்த நாள் முடிவதற்காகக் காத்திருப்பர். அத்தகைய ஒருவர் தன் வீட்டில் தீபாவளியைச் சாராயப் போத்தல் இல்லாமல் நடத்துவது சிறு விடயமன்று. மைத்துனரும் நண்பரும் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

முன்னர் குறிப்பிட்ட மாணவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மாலை ஆறரை மணிக்கு வீடு வந்துவிடுவார். பத்து நிமிடம் பிந்துமானால் தொலைபேசியில் அறிவிப்பார். அலுவலகத்தில் இதற்காக அவரைக் கேலி செய்வதுண்டாம்.

தகப்பன் குடியை விட்டுவிடும் வீடுகளும் உண்டு. அவற்றில் அதன்பின் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது பெரும் ஏமாற்றத்தில் முடிகிறது. அதுவரை அடங்கியிருந்த பிள்ளையின் கோபம் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படுகிறது. திருந்திய மனிதனிடம் இவ்வாறு நடக்கலாமா என்று தாயே பிள்ளையைக் கண்டிப்பார். பிள்ளைக்கோ, கோபிப்பதற்குப் பாதுகாப்பான ஒரு தந்தை அப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறார். குடிப்பவரின் உறவினருக்கென அல்-அனன் அமைப்பு 1951இலும், அவர்களது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென அலற்றீன் 1957இலும் அமெரிக்காவில் தோன்றியமைக்கு, குடிப்பவரின் சிகிச்சை குடும்பத்தின் சிகிச்சை ஆகிவிடாது என்ற அனுபவமே அடிப்படையாகும்.

நமது அரசின் பக்கம் திரும்புவோம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமே இன்றும் மதுபான விற்பனையின் அத்திவாரமாக உள்ளது. 2024இல் மதுவரித் திணைக்களத்தின் வருமானம் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை அமைக்கப்பட்டு, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்பது தடைசெய்யப்பட்டதுடன் மது விளம்பரங்களும் தடைசெய்யப்பட்டன. நல்ல சட்டந்தான். ஆயினும் அச்சட்டம் கருத்திற்கொள்ளும் பிள்ளை, மதுவை வாங்கக்கூடிய பிள்ளை. வாங்குபவருடன் வாழும் பிள்ளை அன்று.

வாங்குபவருடன் வாழும் பிள்ளைக்கு வேறு சட்டங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளையின் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையால் அதிகாரமளிக்கப்பட்டவரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். உடற்காயம் மட்டுமன்றி மனரீதியான கொடுமையும் அச்சட்டத்தில் அடங்கும். அவ்வதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் பலருக்குத் தெரிந்தவையே. ஆனால் தந்தையின் மேல் முறைப்பாடு செய்ய ஒரு பிள்ளை தொலைபேசியை எடுக்கும் என்று எதிர்பார்ப்பது நமது வீடுகளை அறியாதவரின் எதிர்பார்ப்பாகும். தந்தையைப் பொலிசார் அழைத்துச் சென்றால் மறுநாள் அடுப்பு எரியாது என்பது பிள்ளைக்கும் தெரியும்.

அதனால், பிள்ளை வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காத ஏற்பாடுகளே தேவை. ஈரல் நோயுடனோ கைநடுக்கத்துடனோ குடியால் விழுந்த காயத்துடனோ ஒருவர் அரச வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். எவ்வளவு குடிக்கிறீர், எத்தனை வருடமாகக் குடிக்கிறீர் என்று கேட்கப்படுகிறது. வீட்டில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்ற ஒரு வினாவையும் அத்துடன் சேர்த்து, விடையைப் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு இரகசியமாக அறிவிக்கும் நடைமுறைக்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதற்கான அறிவித்தலாக அது அமையவும் கூடாது; அந்த அச்சம் எழுந்தால் எந்தத் தாயும் உண்மை பேசமாட்டார். வீட்டுக்குச் சென்று தாயுடனும் பிள்ளையுடனும் பேசுவதற்கான அறிவித்தலாக இருந்தால் போதும்.

பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்கென ஆசிரியர்கள் உள்ளனர். அவர்களில் பலர் பாடங்களும் கற்பித்து, பரீட்சைப் பெறுபேறுகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இப்பணியையும் ஆற்றுகின்றனர். வாரத்தில் சில பாடவேளைகளையேனும் இதற்கென ஒதுக்கி, கதவு உள்ள ஓர் அறையையும் அவர்களுக்கு வழங்கினால் நிலைமை மாறும். திறந்த மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் தன் வீட்டைப் பற்றிப் பேசாது. பாடசாலை விட்ட பின்னரும் வீடு செல்லாமல் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும் மாணவரை அந்த ஆசிரியர் ஒருநாள் அழைத்து அமர்த்திக்கொள்ள நேரம் கிடைக்க வேண்டும்.

200 பில்லியனில் ஒரு வீதம் என்பது இரண்டு பில்லியன் ரூபா. குடிப்பவரின் வீட்டிலிருந்து வந்த பணத்தில் அந்த ஒரு வீதத்தை அவரது பிள்ளைக்கென ஒதுக்குமாறு வரவு செலவுத்திட்ட விவாதத்தில் எந்தக் கட்சியும் கோரலாம். அனுமதிப்பத்திரப் பட்டியலை மேடைதோறும் வாசித்துக்காட்டிய வன்னி, யாழ்ப்பாண மாவட்டப் பிரதிநிதிகள் அதற்குப் பொருத்தமானவர்கள். கிளிநொச்சிக்கு வழங்கப்பட்ட கடைகளின் எண்ணிக்கை அவர்களுக்கு மனப்பாடம். அம்மாவட்டத்தின் பாடசாலைகளில் கதவு உள்ள ஆலோசனை அறை எத்தனையில் உண்டு என்பதை வலயக் கல்விப் பணிமனையில் ஒரு முற்பகலில் கேட்டறிந்துவிடலாம்.